கிராங்க் சென்சார் கோளாறு: கண்டுபிடிப்பதும் மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஓடிக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது." இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் கார்களில் பலவற்றில் கடைசியில் குற்றவாளியாக மாட்டுவது கிராங்க் சென்சார்தான். அதே சமயம், இதே புகாருக்குப் புது சென்சார் போட்டு, சரியாகாமல் இன்னொன்றும் வாங்கிப் போட்டு நொந்துபோனவர்களும் நிறையப் பேர். கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: சோதிக்காமல் சென்சாரை மாற்றாதீர்கள். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், பெரும்பாலான கார்களில் உண்மை தெரிந்துவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கிராங்க் சென்சார் என்னதான் செய்கிறது?

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் இந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டையும் இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்கிறது. பிளக்கில் எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டும், இன்ஜெக்டரை எப்போது திறக்க வேண்டும் என்பதை இசியு இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

சென்சாருக்கு எதிரே ஒரு பல் சக்கரம் சுற்றும். நிறைய கார்களில் அதன் சுற்றளவை 60 பல்லுக்குப் பிரித்து, இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். மிச்சம் 58. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. ஜபமாலையில் ஒரு சுற்று முடிந்ததை மேரு மணி விரலுக்குச் சொல்வதுபோல, அந்த இரண்டு பல் இடைவெளிதான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று இசியுவுக்குச் சொல்கிறது. வேறு சில இன்ஜின்களில் 36 பல்லுக்கு ஒன்று குறைவாக இருக்கும். 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஓடும் இன்ஜின் நொடிக்கு 50 தடவை சுற்றுகிறது. அப்படியானால் 58 பல் சக்கரத்திலிருந்து நொடிக்கு 2900 துடிப்புகள். இதில் கொஞ்சம் விட்டுப்போனாலும் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும், முழுவதும் நின்றுபோனால் இன்ஜினும் நின்றுவிடும்.

இது கெட்டுப்போகிறது என்பதற்கு அறிகுறி என்ன?

அடிக்கடி வருவது மேலே சொன்னதுதான். நன்றாகச் சூடான பிறகு, டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது, இன்ஜின் எந்த முனகலும் இல்லாமல் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று ஆஃப் ஆகும். டீசல் தீர்ந்தாலோ ஃபியூயல் பம்ப் மக்கர் செய்தாலோ வண்டி பெரும்பாலும் இழுத்து, திக்கித் திணறித்தான் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொன்னாலே பாதி வேலை மிச்சம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாமல் இருப்பது இன்னொரு அறிகுறி. ஓடும்போது ஆர்பிஎம் முள் காரணமில்லாமல் துள்ளுவது, ஒரு நொடி பூஜ்ஜியத்துக்கு விழுந்து மேலே வருவது, லேசான வெட்டல் ஆகியவையும் சந்தேகத்துக்கு உரியவை.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாவிட்டால் சென்சார் போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். சில கார்களில் சென்சார் நல்ல நிலையில் இருந்தாலும் இன்ஜின் பிடித்துக்கொண்ட பிறகுதான் முள் ஏறும். இசியுவில் உள்ள விவரங்களைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் தெரியும் ஆர்பிஎம்தான் கணக்கு.

ஏன் சூடானால் மட்டும் கெடுகிறது? ஆறினதும் எப்படிச் சரியாகிறது?

சென்சார் இரண்டு வகை. காயில் சென்சார் என்ற பழைய வகையில், ஒரு காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றப்பட்டிருக்கும். இன்ஜின் பிளாக்கில் இறுகிக்கொண்டு வருடக்கணக்கில் சூட்டையும் அதிர்வையும் தாங்கும். கம்பியில் எங்காவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் விரியும்போது முனைகள் விலகிவிடும், சிக்னல் போய்விடும். ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

ஹால் சென்சார் என்ற புது வகையில் செம்புச் சுற்று கிடையாது, உள்ளே ஒரு சின்ன எலக்ட்ரானிக் சிப் இருக்கும். அதன் சால்டரும் சூட்டில் இதே மாதிரி விட்டுப்போகலாம்.

கடையில் கொண்டுவந்து விட்டால் வண்டி எந்தத் தகராறும் செய்வதில்லை என்பது இந்தக் கோளாறின் பெரிய தொல்லை. வருவதற்குள் ஆறிவிடுகிறது. நின்ற இடத்திலேயே, சூட்டோடு சோதிக்க முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஓடும்போதே ஆஃப் ஆனால் என்ன செய்வது?

முதலில் உயிர், அப்புறம் வண்டி. இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் உதவி குறைந்து ஸ்டீயரிங் கனக்கலாம், ஆனால் திரும்பும். பிரேக்கும் பிடிக்கும், ஆனால் மிதிக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவ வேண்டாம், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்டு லைட்டைப் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 எண்ணுக்குக் கூப்பிடலாம்.

இந்த அறிகுறி ஒரு தடவை வந்துவிட்டால், "திரும்ப ஸ்டார்ட் ஆயிடுச்சே" என்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் கிளம்பாதீர்கள். அடுத்த தடவை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாரிக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும்?

ஸ்கேனரில் பி0335 என்று கோளாறுக் கோடு (code) வந்திருக்கிறது. சென்சாரை மாற்றிவிடலாம்தானே?

கூடாது. அந்தக் கோடு சொல்வது கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர் (ஒயரை சென்சாரோடு இணைக்கும் பிளக்), ஒயர், எர்த், பல் சக்கரம், இசியு எல்லாம் அதில் அடக்கம்.

அதன் கூடப் பிறந்த கோடுகளும் உண்டு. சிக்னல் வருகிறது ஆனால் ஒழுங்காக இல்லை என்றால் பி0336. சிக்னல் அளவு மிகக் குறைவு என்றால் பி0337, மிக அதிகம் என்றால் பி0338. விட்டு விட்டு வருகிறது என்றால் பி0339. இதில் பி0336 வந்தால் சென்சாரைத் தொடுவதற்கு முன் பல் சக்கரத்தையும் சென்சார் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பி0339 வந்தால் என் கை முதலில் போவது கப்ளருக்கும் ஒயருக்கும்தான்.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நேரத்தில் இன்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். அழித்துவிட்டால் போனது போனதுதான்.

கோடே வரவில்லை. அப்படியானால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

அப்படி இல்லை. இன்ஜின் சுற்றாமல் இருந்தாலும் சிக்னல் வராது, சென்சார் செத்தாலும் வராது. இன்ஜின் சுற்றுகிறது என்று வேறு வழியில் (பெரும்பாலும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சார் மூலம்) தெரிந்தால்தான் இசியு "கிராங்க் சிக்னல் காணோம்" என்று முடிவு கட்டும். ஒரு நொடி மட்டும் சிக்னல் போய் வந்தால் சில கார்கள் எதையுமே பதிவு செய்யாது. கோடு இல்லாமல் சூட்டில் நிற்கும் கார்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஸ்கேனர் வாங்கலாமா? எது போதும்?

இந்தியாவில் ஏப்ரல் 2013 முதல் புதுக் கார்களுக்கு ஓபிடி-2 (கோளாறைத் தானே பதிவு செய்யும் ஏற்பாடு) கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகும் இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். மலிவான அடாப்டர்களில் சில எல்லா காரோடும் பேசுவதில்லை, வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு வேலை செய்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோடு படிப்பதைவிட லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடியில் தரும் அளவுகள்) பார்ப்பதுதான் இதன் உண்மையான பயன். ஆப்பில் ஆர்பிஎம் தெரியும்படி வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 200-ஐ ஒட்டி ஓர் எண் சீராகத் தெரிந்தால் கிராங்க் சிக்னல் இசியுவுக்கு வருகிறது, கோளாறை வேறு இடத்தில் தேடலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பூஜ்ஜியத்திலேயே நின்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். வண்டி சூட்டில் நின்றுபோன அந்த நிமிடத்தில் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

மல்டிமீட்டரால் சோதிப்பது எப்படி?

முதலில் உங்கள் சென்சார் எந்த வகை என்று தெரிய வேண்டும். இரண்டு ஒயர் என்றால் பெரும்பாலும் காயில் வகை. மூன்று என்றால் பெரும்பாலும் ஹால் வகை. ஆனால் காயில் வகையிலேயே மூன்றாவதாக ஷீல்டு ஒயர் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறைக்கானது) வரும் கார்களும் உண்டு, அதனால் ஒயரிங் படம் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

காயில் வகை: சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். காருக்குக் கார் மாறும், சில நூறு ஓம்ஸிலிருந்து ஆயிரத்துக்குச் சற்று மேல்வரை பரவலாகக் காணலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவே இறுதியானது. மீட்டர் "ஓஎல்" என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அடுத்து ஒவ்வொரு பின்னுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே பாருங்கள். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

சூட்டில் அளக்கும்போது அளவு ஏறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செம்பின் இயல்பே அது. 25 டிகிரியில் 800 ஓம்ஸ் காட்டும் காயில் 95 டிகிரியில் ஏறக்குறைய 1020 காட்டும். ஏறினால் கெட்டது அல்ல, திடீரென்று ஓஎல் ஆனால்தான் கெட்டது. அளந்துகொண்டே சென்சாரின் ஒயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள், எண் குதித்தால் அங்கேயே விடை இருக்கிறது.

ஓம்ஸ் சரியாக இருந்தால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தாலும், பேட்டரி பலவீனமாக இருந்து இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் இந்த அளவு குறையும். எனவே பேட்டரியை முதலில் சார்ஜ் செய்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஹால் வகை: இதில் ஓம்ஸ் பார்க்கவே கூடாது. அதில் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, மீட்டரின் கரண்ட் சிப்பைக் கெடுக்கவும் வாய்ப்புண்டு. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, காரின் பக்கத்து கப்ளரில் அளங்கள். ஒரு பின்னில் சப்ளை, பெரும்பாலும் 5 வோல்ட், சில கார்களில் 12. இன்னொன்று எர்த். மூன்றாவது சிக்னல் ஒயர், அதிலும் பொதுவாக இசியுவிலிருந்து ஒரு வோல்ட்டேஜ் வந்துகொண்டிருக்கும். சப்ளை வரவில்லை என்றால் சென்சார் நிரபராதி.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பல கார்களில் ஒரே 5 வோல்ட் லைனில் இரண்டு மூன்று சென்சார்கள் தொங்கும். வேறொரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகி அந்த லைனையே கீழே இழுத்துவிடும், பழி கிராங்க் சென்சார்மேல் விழும். 5 வோல்ட் வராவிட்டால் அந்த லைனில் உள்ள மற்ற கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி.

சப்ளையும் எர்த்தும் சரி என்றால் கப்ளரைத் திரும்பச் செருகி, சிக்னல் ஒயரின் பின்பக்கம் மெல்லிய ஊசி வைத்து அளந்துகொண்டே, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை அது சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். பல் கடக்கக் கடக்க மீட்டர் மேலே போய்க் கீழே வர வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது கையால் சுற்றுவதால், கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜெக்டர் கப்ளர்களையும் இக்னிஷன் காயில் கப்ளர்களையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். விரல் போனால் வராது.

ஒயரிங்கில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். அதிகமாகக் கேட்க வேண்டியது இதுதான்.

இரண்டு புது சென்சார் போட்டும் கோளாறு தீராத ஒரு கார் என்னிடம் வந்தது. சென்சார் நன்றாகவே இருந்தது. கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒயர் கட்டு சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கமாக வளைந்து போகும் இடத்தில், கருப்பு ஸ்லீவ் வெளியே பார்க்க நன்றாக இருந்தது. அதைக் கிழித்தபோது உள்ளே சிக்னல் ஒயரின் தோல் சூட்டில் மொறுமொறுவென்று வெடித்திருந்தது. வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து, ஐந்தாறு இழைகளில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தத் துண்டை வெட்டிவிட்டு அதே தடிமனில் புது ஒயர் போட்டு சால்டர் செய்து, ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டியதோடு கதை முடிந்தது. வீணான இரண்டு சென்சாரின் விலையில் இந்த வேலையைப் பல தடவை செய்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

ஆகவே கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை படிந்திருக்கிறதா, ஆயில் இறங்கியிருக்கிறதா, பின் ஒன்று பின்னால் தள்ளிப் போயிருக்கிறதா, கிளிப் உடைந்து கப்ளர் ஆடுகிறதா? எலித் தொல்லை உள்ள இடத்தில் நிறுத்தும் வண்டி என்றால் ஒயர் கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் போன வண்டி என்றால் கப்ளருக்குள் சேறு இருக்கும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் போல்ட்டையும் கழற்றி, துரு தேய்த்து முறுக்குங்கள்.

காயில் வகை சென்சார் ஒயரைச் சுற்றி ஷீல்டு இருந்தால், ஒட்டுப்போடும்போது அதையும் சேர்த்து ஒட்ட வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்தில் போகும் இக்னிஷன் ஒயரின் இரைச்சல் சிக்னலில் கலந்து புதுத் தலைவலி தொடங்கும்.

வேறு எதெல்லாம் இதே மாதிரி ஏமாற்றும்?

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். சூட்டில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஆனால் ஸ்கேனரில் ஆர்பிஎம் சரியாக வரும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது லைவ் டேட்டாவில் −40 டிகிரி என்று காட்டினால் அந்த சென்சார் சர்க்யூட் அறுந்திருக்கிறது என்று பொருள்.

ஃபியூயல் பம்பும் அதன் ரிலேயும். சாவி ஆன் செய்ததும் பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்கு அடியில் ஓரிரு நொடி "உய்ய்ங்" என்று சத்தம் வரும். அது வந்து, செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்றால் பம்பைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். கிராங்க் சிக்னல் வராவிட்டால் இசியுவே பம்பை நிறுத்திவைக்கும். நல்ல பம்ப் மாற்றப்படுவது இப்படித்தான்.

இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) என்றால் டாஷ்போர்டு மீட்டரில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னும், அதைப் பார்த்தாலே போதும்.

எங்கே இருக்கும்? நானே மாற்றலாமா?

கியர் பாக்ஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஃபிளைவீலைப் பார்த்தபடியோ, எதிர்ப்பக்கம் கிராங்க் புல்லிக்கு அருகிலோ, சில கார்களில் பிளாக்கின் பக்கவாட்டிலோ இருக்கும். மேலிருந்து கை எட்டினால் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் தாராளமாக மாற்றலாம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றினால்தான் எட்டும் என்ற கார்களில், அனுபவம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பெரிய ஒயரில் சாவி அணைத்திருந்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் அதில் பட்டு பாடியிலும் பட்டால் பொறி பறக்கும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்றுங்கள், இல்லாவிட்டால் மண் துவாரத்துக்குள் விழும். கப்ளர் லாக்கை அழுத்தி உருவுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட், 10 நம்பர் ஸ்பேனரில் வந்துவிடும்.

புதியதை வைப்பதற்கு முன் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், போல்ட் துளை, கப்ளர் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஓ-ரிங்கில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவி, நேராக அழுத்தி உட்கார வையுங்கள். முழுதாக உட்காராமல் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் சென்சாரின் காது உடைந்துவிடும். சின்ன போல்ட்தான், 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் பொதுவாகப் போதும். பழைய சென்சாருக்கு அடியில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்திருந்தால் அதை மறக்காமல் திரும்பப் போடுங்கள். நுனிக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர்வரைதான். அதில் விளையாட்டு கூடாது. கடைசியில் ஒயரை முன்பு போன வழியிலேயே கிளிப்பில் மாட்டுங்கள்.

பழைய சென்சார் துவாரத்தில் சிக்கிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

துருப்பிடித்த பிளாக்கில் சகஜம். துருநீக்கி ஸ்பிரே அடித்து ஊற விட்டு, இடதும் வலதுமாகத் திருகித் திருகி மேலே எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்கி ஒரு பக்கமாக நெம்பினால் தலை மட்டும் கையோடு வந்து, உடல் உள்ளேயே தங்கிவிடும்.

நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. பயப்பட வேண்டுமா?

காந்தம் என்பதால் மெல்லிய தூள் ஒட்டுவது இயல்பு. துடைத்துவிட்டுப் போட்டாலே சிக்னல் சரியாகிவிடும் கார்களும் உண்டு. துகள் கண்ணுக்குத் தெரியும் அளவில், சுருள் சுருளாக இருந்தால் மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நுனி தேய்ந்து கீறல் விழுந்திருந்தால் பல் சக்கரம் அதில் இடிக்கிறது. சென்சாரை மாற்றுவதோடு அது நிற்காது.

சில இன்ஜின்களில் பல்லுக்குப் பதிலாக, பின்பக்க ஆயில் சீலோடு சேர்ந்த காந்த வளையம் இருக்கும். அதன் அருகே காந்த நுனி கொண்ட கருவியைக் கொண்டுபோகாதீர்கள், வளையத்தின் பதிவே கெட்டுவிடும்.

எந்த பிராண்ட் வாங்குவது?

கார் கம்பெனியின் ஒரிஜினல், அல்லது அந்தக் கம்பெனிக்கே தயாரித்துக் கொடுக்கும் பாஷ், டென்ஸோ போன்றவர்களின் பெட்டி. பழைய சென்சாரின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள், "இந்த மாடலுக்கு இதுதான் சார்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் சென்சார் மாறியிருக்கும். மற்ற எத்தனையோ உதிரிபாகத்தில் மலிவானதைப் போட்டு ஓட்டலாம், இதில் வேண்டாம். டூப்ளிகேட் சென்சார் ஆறிய இன்ஜினில் அழகாக வேலை செய்யும், சூட்டில் சிக்னல் சிதறும், நீங்களோ சென்சார் புதிதாயிற்றே என்று ஊரெல்லாம் கோளாறைத் தேடுவீர்கள்.

மாற்றிய பிறகு ஸ்கேனரில் ஏதாவது செய்ய வேண்டுமா?

கோடை அழிக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாத கார்களே அதிகம். ஹோண்டா, ஃபோர்டு போன்றவற்றின் சில மாடல்களில் புது சென்சாரை இசியுவுக்குப் பழக்க ரீலேர்ன் செய்ய வேண்டியிருக்கும். பல் சக்கரத்தில் உற்பத்தியிலேயே இருக்கும் நுணுக்கமான ஏற்றத்தாழ்வுகளை இசியு மனப்பாடம் செய்துவைத்து, அதை வைத்துத்தான் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கிறது. ரீலேர்ன் செய்யாவிட்டால் நன்றாக ஓடும் வண்டியில் மிஸ்ஃபயர் கோடு வரலாம்.

கேம் சென்சாரையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்களே?

அது கெட்டிருந்தால் மாற்றுங்கள். பி0340 போன்ற கோடும், சோதனையும் அதைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்து, பிரித்துப் போடும் கூலி அதிகம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பி0016 வந்தால் விஷயமே வேறு. கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அது சொல்கிறது. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். அதை சென்சார் கோளாறு என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தால், டைமிங் மேலும் தவறி பிஸ்டன் வால்வை இடிக்கும் அபாயம் உண்டு.

புது சென்சார் போட்டும் அதே கோடு வருகிறது.

மேலே ஒயரிங் பகுதியில் சொன்னதை முதலிலிருந்து செய்யுங்கள். அதுவும் சரி என்றால் பல் சக்கரம்: ஒரு பல் வளைந்தோ உடைந்தோ இருக்கலாம், பல்லுக்கு நடுவே இரும்புத்தூள் அடைத்திருக்கலாம். அண்மையில் கிளட்ச் வேலை நடந்திருந்தால், கியர் பாக்ஸை ஏற்றி இறக்கும்போது இடிபட்டதா, ஃபிளைவீல் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். பல்லின் எண்ணிக்கை வேறாக உள்ள ஃபிளைவீல் மாட்டியிருந்தால் எந்த சென்சார் போட்டாலும் பலன் இல்லை. இந்தக் கட்டத்தில் மீட்டர் போதாது, ஆசிலோஸ்கோப் (சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். திரையில் 58 துடிப்பும் ஓர் இடைவெளியும் வரிசையாகத் தெரியும்போது, கெட்ட பல் எது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இசியு மேல் சந்தேகப்படுவது கடைசியிலும் கடைசி.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது என்ன கேட்க வேண்டும்?

எப்போது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது, எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். "சென்சார் போயிடுச்சு" என்று அவர் சொன்னால் சண்டை போட வேண்டாம், "மீட்டரில் என்ன காட்டுது அண்ணே, நானும் பாக்கலாமா?" என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதித்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லாததால்தான் பல இடங்களில் சோதிக்காமலே மாற்றும் பழக்கம் வந்தது.

பைக்கிலும் இது உண்டா?

உண்டு. பழைய பைக்குகளில் பல்சர் காயில் (pulser coil) என்று கடையில் சொல்வது இதே வேலையைச் செய்வதுதான், மேக்னட்டோவை ஒட்டி இருக்கும். பிஎஸ்6 புகை விதி வந்தபின் பரவலான எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) பைக்குகளில் அந்த சிக்னல் நேராக இசியுவுக்குப் போகிறது. சூட்டில் நிற்பது, ஆறினால் ஓடுவது என்ற அறிகுறி அப்படியே பொருந்தும். காயில் வகைக்குச் சொன்ன ஓம்ஸ் சோதனையும் பொருந்தும், அளவை மட்டும் அந்த பைக்கின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல பைக்குகளில் அது ஸ்டேட்டர் பிளேட்டோடு சேர்ந்தே வரும். அதனால் கவரைத் திறந்து மாற்றும்போது கேஸ்கெட்டும் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.